இரண்டு சான் பிரிமோவும் எங்கள் கிளிமேயும்

மனிதர்களில் ‘முன்பே வந்துபோனவர்’ என்று ஓர் இனம் உண்டு. வெயில் காலத்தில் நாலு நண்பர்கள் சேர்ந்து எங்காவது கிளம்பினால் அந்த நாலில் ஒருவர் இந்த இனமாக இருப்பார். நாலு பேருமே புதியவர்கள் என்றால், வழியில் பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒருவர் வந்து ஒட்டிக்கொள்வார். அவர் இல்லாமல் ஒரு பயணம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வண்டியில் முன்சீட்டில் இருப்பார், ஆனால் ஓட்டமாட்டார். கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, கண்ணை மூடி மூக்கால் காற்றை இழுத்து, “அதே வாசனை... மாறவே இல்ல” என்பார். வாசனை முன்னால் போகும் கோழி லாரியுடையது. எந்த ஊருக்குள் நுழைந்தாலும் அங்கே இருப்பது அவர் கண்ணில் படாது. இல்லாமல் போனதுதான் படும். “இங்க ஒரு மரம் இருந்துச்சு” என்பார். “இந்த ஓட்டல் அப்போ கிடையாது” என்பார், அந்த ஓட்டல்காரர் தம்மிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்ற தோரணையில். சாப்பிட உட்கார்ந்தால் உங்களுக்கும் சேர்த்து அவரே சொல்லிவிடுவார். நீங்கள் சாப்பிட்டு முடிக்குமுன், “அப்போ இதைவிட நல்லா இருக்கும்” என்று அதன் ருசியையும் பிடுங்கிக்கொள்வார். மலைப்பாதை வந்தால் கேட்கவே வேண்டாம். “இப்போ ஒரு வளைவு வரும் பாருங்க” என்பார். வரும். திரும்பி எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். மலைப்பாதையில் வளைவு வராமல் வேறென்ன வரும்? நேர்கோடா வரும்?

எங்களுக்கு வாய்த்தவன் பெயர் கிளிமே. இனத்தைச் சொல்லும்போது அவர் இவர் என்று மரியாதை கொடுத்தாலும், கிளிமே எனக்கு அவன் இவன்தான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்பெஞ்சு. மாசிடோனியாவில் எங்கள் ஊரான பித்தோலாவில் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, நட்டும் போல்ட்டும் தரையில் கிடக்க, இத்தாலியைப் பற்றிப் பேசுவான். வாலிபத்தில் ஒரு தடவை, பந்தாட்டம் பார்க்கப் போன பஸ்ஸில் ஏறி, கப்பலில் இத்தாலிக்குப் போய்வந்தான். அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு இத்தனை காலம் எங்களையெல்லாம் ஆண்டுகொண்டிருந்தான்.

சென்ற கோடையில் நாங்கள் இத்தாலிக்குப் போகவேண்டி வந்தது. லாஸோவின் கல்யாணம். லாஸோ எங்களைவிட இளையவன், எங்கள் தெருப் பிள்ளை. கடல் தாண்டிப் போய் அங்கே தரைக்குக் கல் பதிக்கிற வேலை பார்த்து, நுன்ஸியா என்ற பெண்ணை விரும்பி, சான் பிரிமோ என்ற ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் கைப்பிடிப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளைத் தோழன் எங்கள் பாந்தே. எங்கள் ஊரில் தோழன் என்றால் போட்டோவுக்காகப் பக்கத்தில் நிற்கிற ஆள் அல்ல. அன்று முதல் இரண்டு குடும்பமும் ஒரே குடும்பம். பிறக்கிற பிள்ளைக்குப் பெயர் வைப்பது அவன், புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் கதவைத் தட்டுவது அவன். அண்ணன் தம்பிகூடப் பேசாமல் இருக்கலாம், தோழனோடு பேசாமல் இருக்கமுடியாது. பாந்தேவுக்குக் குழந்தை குட்டி இல்லை. லாஸோ போனில் கேட்ட அன்று வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான், பாவம். மோதிரங்களை எங்கள் ஊர்ப் பொற்கொல்லரிடமே செய்து வாங்கி, ஒரு புதுக் காலுறைக்குள் போட்டு, அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, பைக்கு மேல் ஊக்கும் குத்திக்கொண்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாந்தே பூகோள வாத்தியார். பிள்ளைகளுக்கு வரைபடம் பார்க்கச் சொல்லித் தருவதுதான் அவன் பிழைப்பே.

வண்டி என்னுடையது, என் திரைச்சீலைக் கடை வேன். ஓட்டுகிறவளும் நான்தான். பின்னால் பாந்தேவும், கிளிமேயின் மனைவி தாஃபினாவும், கல்யாணப் பரிசாக நான் தைத்த ஒரு மூட்டைத் திரைச்சீலையும். ஊர் எல்லை தாண்டியதும் பாந்தே வரைபடத்தை மடியில் விரித்தான்.

“அதை மடிச்சு வை” என்றான் கிளிமே.

“இல்லடா, ஸ்த்ரூகா தாண்டி ரெண்டு ரோடு பிரியுது, வரைபடத்துல...”

“வரைபடம் வரைஞ்சவன் அங்க வந்திருக்கானா?”

பாந்தே யோசித்துப் பார்த்தான். வந்திருக்கிறானா இல்லையா என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நியாயமான மனிதன் அல்லவா, மடித்து வைத்துவிட்டான்.

ஸ்த்ரூகாவில் ஏரியிலிருந்து ஆறு கிளம்புகிற இடத்தில் ஒரு மீன் கடை. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். கிளிமே பரிமாறுகிறவனைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

“தம்பி, மீஹோ இருக்காரா? கிளிமே வந்திருக்கேன்னு சொல்லு. போதும். ஓடி வருவாரு.”

“அவரு எங்கப்பாதான். அதோ உக்காந்திருக்காரு.”

மூலையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, கிளிமேயை மேலிருந்து கீழ்வரை நன்றாகப் பார்த்தார்.

“யாருப்பா நீ?”

கிளிமே எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். “பாத்தீங்களா? அப்பவும் இப்படித்தான் தமாஷ் பண்ணுவாரு!”

பெரியவர் தமாஷ் பண்ணவில்லை. போகும்வரை எங்கள் மேஜைமேல் ஒரு கண் வைத்திருந்தார். நாங்கள் போனபிறகு கரண்டிகளை எண்ணியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

எல்லை தாண்டி அல்பேனியாவுக்குள் இறங்கினோம். கப்பல் பிடிக்க வ்லோராவுக்குப் போகவேண்டும்; மேற்கே போனால் கடல் தானாக வரும், தப்பவே முடியாது. எங்களுக்கு அது தப்பியது. “இடப்பக்கம் திரும்பு மென்கா, குறுக்கு வழி, அஞ்சு நிமிஷத்துல கடல்” என்றான் கிளிமே. திரும்பினேன். தார் ரோடு சரளையாயிற்று, சரளை மண்ணாயிற்று, மண் ஒரு வீட்டின் முற்றமாயிற்று. முற்றத்தில் ஒருவர் தேனீப் பெட்டிகளுக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆடு, அத்திமரம், மலை. கிளிமே இறங்கி இடுப்பில் கைவைத்து நின்றான்.

“இங்கதான் இருந்துச்சு” என்றான்.

“எது?”

“கடல்.”

கடைக்குத் திரைச்சீலை வாங்க வருகிறவர்களோடு பேசிப் பழகியதில் எனக்கு அல்பேனிய மொழி கொஞ்சம் வரும். மானத்தை விட்டு அந்த மனிதரிடம் கேட்டேன். பெயர் ஆகிம் என்று சொன்னார். தூரிகையைச் சாயக் குவளைக்குள் வைத்துவிட்டு, அந்தக் கேள்விக்கு உரிய மரியாதையோடு யோசித்தார்.

“கடலா? எங்க தாத்தா காலத்துலேருந்து நாங்க இங்கதாம்மா இருக்கோம். வந்திருந்தா பாத்திருப்போமே.”

“இவரு முன்னாடி வந்தப்போ இருந்துச்சாம்.”

“அப்படியா!” ஆகிம் கிளிமேயை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார். “அவரை நிழல்ல உக்காரச் சொல்லுங்க. வெயில் ஜாஸ்தி.”

தண்ணீரும் தேனும் கொடுத்து, வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார். பாந்தே மலைமேல் தெரிந்த சிப்பிப் படிவத்தைக் காட்டி, “ஒரு விதத்துல கிளிமே சொல்றது சரிதான். பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்திருக்கு” என்றான். வாத்தியார்களின் நல்ல மனசு இப்படித்தான் ஆபத்தில் கொண்டுபோய் விடும். கிளிமே அன்று முழுக்க, “பாந்தேயே சொல்லிட்டான்” என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கப்பலில் மட்டும் அவன் பேசவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நின்றவன் காபி கொடுத்தால்கூடத் திரும்பவில்லை. “அப்போ காபி நல்லா இருக்கும்” என்றாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இத்தாலியின் பிரிந்திசித் துறைமுகத்தில் கடவுச்சீட்டில் முத்திரை குத்தித் தந்ததும், வெளிவாசல் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கீழே குனிந்தான்.

“என்ன, மண்ணைத் தொட்டுக் கும்பிடப் போறியா?” என்றேன்.

“ஷூ கயிறு” என்றான். அவன் போட்டிருந்த செருப்பில் கயிறே கிடையாது. தாஃபினா அவன் முதுகில் கைவைத்து, மெதுவாக, குழந்தையைப் படி தாண்டவைப்பதுபோல் வெளியே தள்ளினாள்.

வெளியே வந்ததும் ஆள் பழையபடி ஆகிவிட்டான். போனில் சான் பிரிமோ என்று போட்டால் இரண்டு சான் பிரிமோ வந்தது. ஒன்று கடலோரமாகத் தெற்கே, பக்கம்தான். இன்னொன்று உள்நாட்டில், மலைமேல், தூரம்.

“லாஸோகிட்டயே கேட்டுரலாம்” என்று பாந்தே போன் போட்டான். எடுத்த லாஸோ சந்தோஷத்தில் கத்தினான்; அந்தப் பக்கம் பத்து அத்தைகள் சேர்ந்து கத்தினார்கள். பாந்தே வாயைத் திறக்குமுன் கிளிமே போனைப் பிடுங்கிக்கொண்டான்.

“லாஸோ! நீ ஒண்ணுத்துக்கும் கவலைப்படாதே! வழியெல்லாம் எனக்குத் தெரியும்! நான் வந்திருக்கேன்ல?” என்று சொல்லி வைத்துவிட்டான். பிறகு எங்களிடம், “மலைமேல” என்றான்.

“எப்படிச் சொல்ற?”

“சான் பிரிமோ எப்பவுமே மலைமேலதான்.”

நீங்கள் கேட்கலாம்: அம்மா, வண்டி உன்னுடையது, சக்கரம் உன் கையில், நீ ஏன் ஏறினாய்? அதுதானே இந்த இனத்தின் சூட்சுமம்! அவர் சொல்வது தப்பு என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் தப்பு என்று நிரூபிக்க, நீங்கள் அங்கே போயிருக்கவேண்டும். போகவில்லையே. தாஃபினாவுக்கு இத்தாலிய மொழி தெரியும். எங்கள் ஊரில் இத்தாலிக்காரர்கள் நடத்திய செருப்புத் தொழிற்சாலையில் கணக்கு எழுதினவள். அவளாவது இறங்கி ஒருவரிடம் கேட்டிருக்கலாம். அவள் ஜன்னல் வழியே ஆலிவ் மரங்களைப் பார்த்துக்கொண்டு, “போகட்டும், மென்கா. ஏறு” என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது விளங்கவில்லை.

ஏறினோம். வளைவு வரும் என்றான், வந்தது. மேலே போகப் போக போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஊருக்குள் நுழைந்தால், தேவாலய வாசலில் வெள்ளைப் பூ, ரிப்பன் கட்டிய கார், உள்ளே பாட்டு. எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒருவேளை கிளிமே சொன்னது சரியோ?

“நேரம் இன்னும் இருக்கேடா” என்றான் பாந்தே கடிகாரத்தைப் பார்த்து. “அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்களா?”

“இங்க அப்படித்தான். ஓடு! தோழன் இல்லாம என்ன கல்யாணம்? ஓடுடா!”

உள்ளே கூட்டம். பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் முதுகு தெரிந்தது. அகலமான முதுகு. லாஸோ மெலிந்தவன்.

“அது லாஸோ மாதிரி இல்லையே” என்றேன்.

“பெருத்துட்டான். இங்க மாவுப் பண்டம் ஜாஸ்தி.”

“தலை வழுக்கையா இருக்கு, கிளிமே.”

“கவலை. கல்யாணக் கவலை.”

சொல்லிக்கொண்டே பாந்தேவை நடுவழியில் பிடித்துத் தள்ளினான். பாந்தே ஓடினான். ஓடிக்கொண்டே ஊக்கைக் கழற்றினான், காலுறையை உருவினான், மோதிரங்களை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தான். வியர்த்து, சிவந்து, கண் கலங்கி, கையில் மோதிரத்தோடு ஒரு அந்நிய ஆண் பீடத்தை நோக்கி ஓடிவந்தால் கூட்டம் என்ன நினைக்கும்? பாட்டு நின்றது. மாப்பிள்ளை திரும்பினான். லாஸோ இல்லை. பெண் திரும்பினாள். யாரோ. மாப்பிள்ளை பாந்தேவைப் பார்த்தான், மோதிரத்தைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான்.

“தொனாத்தா, யாரு இந்த ஆளு?”

“எனக்குத் தெரியாது! சத்தியமா எனக்குத் தெரியாது சவேரியோ!”

சத்தியம் என்ற வார்த்தை வந்தாலே ஒரு மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும். முன்வரிசையில் பெண்ணின் அப்பா எழுந்து கோட்டைக் கழற்றத் தொடங்கினார். தூக்கிய கையை இறக்கவேண்டும் என்றுகூடப் பாந்தேவுக்குத் தோன்றவில்லை. இந்த இடத்தில் நிலைமையைச் சரிசெய்ய ஒருவன் முன்னால் போனான். வேறு யார்?

கிளிமேக்கு இத்தாலிய மொழி தெரியும் என்று அவன்தான் சொல்லுவான். அந்த மொழியில் மாப்பிள்ளைக்கும் மணப்பெண்ணுக்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். ‘தாமதத்துக்கு மன்னிக்கணும், மாப்பிள்ளை எங்க ஆளு’ என்று சொல்ல நினைத்தவன், கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்ற குரலில், “மன்னிக்கணும், நாங்க வர லேட்டாயிடுச்சு. பொண்ணு எங்க ஆளு” என்று சொல்லிவிட்டான்.

ஒரு கிழவி மயங்கி விழுந்தாள். இன்னொருத்தி, தான் விழவேண்டிய முறை என்று நினைத்தோ என்னவோ, அவளைப் பார்த்துத் தானும் விழுந்தாள். சவேரியோ பாந்தேவின் கழுத்துப் பட்டையைப் பிடித்தான். பாதிரியார் பீடத்தின் பின்னால் போனார்.

அப்போதுதான் தாஃபினா பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். இத்தனை நாள் அவள் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. தெளிவான இத்தாலிய மொழியில், நாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம், எந்த சான் பிரிமோவுக்குப் போகவேண்டியவர்கள், எந்த மடையனால் இங்கே வந்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மடையனைச் சொல்லும்போது விரலால் காட்டினாள். பிறகு தொனாத்தாதான் முதலில் சிரித்தாள்; அவளைப் பார்த்து சவேரியோ; பிறகு தேவாலயமே. மயங்கின கிழவிகள் எழுந்து, என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சிரித்தார்கள். பெண்ணின் அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு பாந்தேவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார்.

“கடலோரத்து சான் பிரிமோவா? இன்னும் நேரம் இருக்கு, ஓடுங்க!” என்று வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெண்ணின் சித்தப்பா ரோக்கோ என்பவர் தம் மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் தாவி ஏறி ஏதோ கத்தினார். தாஃபினாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

“என்ன சொல்றாரு?”

“பின்னால வரச் சொல்றாரு. குறுக்கு வழி தெரியுமாம்.” அவள் கிளிமேயை ஒரு தடவை பார்த்தாள். “அவரு முன்னாடி போயிருக்காராம்.”

அந்தச் சரக்கு வண்டி, ஓடுகிற ஆளைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும். ரோடு குறுகல், முந்தவும் முடியாது. ரோக்கோ ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கையை வெளியே நீட்டி வளைவு வரப்போவதை எங்களுக்கு அறிவித்தார். ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இறங்கி, இங்கே ஒரு பாலம் இருந்ததாகச் சொன்னார்.

“இவனுக்கு ஒண்ணுமே தெரியல” என்றான் கிளிமே எரிச்சலோடு. “தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும்.”

வேனுக்குள் நாங்கள் மூவரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். பாந்தேதான் பேசினான், சத்தமே போடவில்லை.

“என் வாழ்க்கையில என்னை யாரும் எதுக்கும் கூப்பிட்டதில்லடா கிளிமே. இந்தப் பையன் கூப்பிட்டான்.”

கிளிமே காதுவரை சிவந்துபோனான். தாஃபினா பின்னாலிருந்து, “சொல்லிரு” என்றாள். “நீ எது வரைக்கும் வந்த?”

அவன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“துறைமுகம் வரைக்கும்.” கொஞ்சம் பொறுத்து, “துறைமுகமும் இத்தாலிதானே?” என்றான்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் காலத்தில் எங்களுக்கு விசா வேண்டும். அவன் தாளில் ஏதோ பிழை. பஸ்ஸில் வந்த மற்றவர்கள் எல்லாம் இறங்கிப் போய்விட்டார்கள். இவனை மட்டும் கப்பலைவிட்டு இறங்க விடவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஊர் திரும்புகிற வழியெல்லாம் அவர்கள் வாய் ஓயாமல் சொன்ன தெருக்களையும் எலுமிச்சைத் தோட்டங்களையும் கேட்டுக் கேட்டு, ஊர் வந்து சேர்வதற்குள் அத்தனையும் இவன் நடந்த தெருக்களாகிவிட்டன.

“உனக்கு இது தெரியுமா?” என்று தாஃபினாவைக் கேட்டேன்.

“அந்த பஸ்ல போனவன்ல ஒருத்தன் எங்க கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டான்.”

கிளிமே திடுக்கிட்டுத் திரும்பினான். “அப்புறம் ஏன்டி இத்தனை நாள் கேட்டுட்டிருந்த?”

“நீ சொல்றப்போ நல்லா இருந்துச்சு” என்றாள். “அதான் இன்னிக்கும் ஏறச் சொன்னேன். நீ ஒரு தடவையாவது நிஜமா சுத்திப் பாக்கணும்னு நினைச்சேன். இந்த அளவுக்குப் போகும்னு நினைக்கல.”

ரோக்கோவுக்கு நன்றி சொல்லி, அவர் வருத்தப்பட வருத்தப்பட விடைபெற்றுக்கொண்டு, பாந்தேவின் வரைபடத்தை விரித்து வைத்து நேராக ஓட்டினேன். கடலோரத்து சான் பிரிமோவை அடைந்தபோது தேவாலயத்தின் படிகளில் மணமக்கள்மேல் தூவின அரிசி சிதறிக் கிடந்தது. முடிந்துவிட்டது.

பாதிரியாருக்கு அடுத்த ஊரில் இன்னொரு பூசை இருந்திருக்கிறது, காத்திருக்க முடியவில்லை. தோழன் இடத்தில் போட்டோக்காரர் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால் அந்த நேரத்துப் போட்டோ ஒன்றுகூட இல்லை. மோதிரத்துக்கு நுன்ஸியாவின் அப்பா அம்மா விரல்களில் சோப்புப் போட்டுத் தங்கள் மோதிரங்களைக் கழற்றித் தந்திருக்கிறார்கள். பாந்தே படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டான். கையில் அந்தக் காலுறை.

லாஸோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தான். முகத்தில் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. “என்ன ஆச்சு? எங்க போனீங்க? நான் வாசலையே பாத்துட்டு நின்னேன் தெரியுமா?”

நான் சொல்லுமுன், தாஃபினா சொல்லுமுன், கிளிமே முன்னால் வந்தான்.

“தப்பு என்னுதுதான் லாஸோ. எனக்கு வழி தெரியாது. நான் இந்த நாட்டுல கால் வெச்சதே இல்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை. இத்தனை நாள் சொன்னதெல்லாம் சும்மா.”

லாஸோ அவனையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

“சும்மா இருங்கண்ணே. பாந்தேண்ணனைக் காப்பாத்தறதுக்காக நீங்க பழியை ஏத்துக்கிறீங்க.”

“டேய், நிஜமாத்தான்டா சொல்றேன்!”

“அண்ணே, எங்க வீட்டு மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு நீங்க அந்த எலுமிச்சைத் தோட்டத் தெருவைப் பத்திச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? வெள்ளைச் சுவர், நீலக் கதவு, மாடியில ஒரு பொண்ணு துணி காயப்போடும்னு? அன்னிக்குத்தான் நான் இத்தாலிக்குப் போறதுன்னு முடிவு பண்ணேன். வந்து ஊர் ஊரா அந்தத் தெருவைத் தேடினேன். கிடைக்கவே இல்ல.” பக்கத்தில் வந்து நின்ற நுன்ஸியாவின் தோளில் கைபோட்டான். “தேடறப்போ ஒருத்திகிட்ட வழி கேட்டேன். இவளுக்கும் தெரியல.”

கிளிமே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. சுற்றி நின்ற அத்தைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அழுகிறவனைக் கண்டால் கூட அழுவதற்கு மொழி எதற்கு? எல்லோரும் அழுதார்கள்.

பிறகு நுன்ஸியாதான் கையை நீட்டினாள். சோப்புப் போட்டுக் கழற்றின மோதிரத்தை உருவி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, “கொண்டாங்க. மறுபடியும் பண்ணுவோம்” என்றாள். அந்தப் படிகளிலேயே, பாதிரியார் இல்லாமல், பாந்தே நடுவில் நின்று இருவர் விரலிலும் மோதிரம் போட்டுவிட்டான். போட்டோக்காரர் இந்தத் தடவை தம் வேலையைப் பார்த்தார். பாந்தே முத்தமிடாத ஆள் அந்த ஊரில் இல்லை. போக்குவரத்துப் போலீஸ்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இத்தோடு கிளிமே திருந்திவிட்டான் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாத ஒரு மனிதன் வேறு என்ன செய்வான்? விருந்தில் நுன்ஸியாவின் மாமாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் ஊரைப் பற்றி அவர்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது பித்தோலாவில் அவனைப் பிடிக்கவே முடியாது. இரண்டு சான் பிரிமோவுக்கும் போய்வந்த ஒரே ஆள் அல்லவா!

சரி, அவன் கதை போகட்டும். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். நாளைக்கோ மறுநாளோ, நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச்சு கல்யாணத்தைப் பற்றித் திரும்பும். நீங்கள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள். “மாசிடோனியாவுல ஒரு வழக்கம் இருக்கு தெரியுமா? மாப்பிள்ளைத் தோழன்னா அங்க சும்மா இல்ல...” என்று ஆரம்பிப்பீர்கள். பித்தோலா என்பீர்கள், ஸ்த்ரூகா மீன் என்பீர்கள். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். அப்போது ஒருவர், ரொம்ப மரியாதையாக, “சார் அங்கெல்லாம் போயிருக்கீங்களோ?” என்று கேட்பார்.

‘இல்லை’ என்று சொல்லிவிடுவீர்கள்தானே?